பன்னிரண்டாவது வாரம்

1

2004 ஜூலையில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வெளியிட்டது. இரண்டும் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கும் நோயாளிகளைப் பற்றியவை. ஒன்று அப்ரிகாட் என்ற பெயரில் 19 நாடுகளில் சுமார் 860 பேரிடம் நடந்தது. இன்னொன்று அமெரிக்காவில் 133 பேரிடம். இவர்களுக்கு ஹெபடைடிஸ் சி-யை முழுசாகக் குணப்படுத்த முடியுமா என்பதுதான் இரண்டுக்கும் கேள்வி. சிலருக்கு முடியும் என்று இரண்டும் பதில் சொல்லின.

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள நான் பழைய ஆய்வுத்தாள்களை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தேன். அவற்றில் திரும்பத் திரும்ப ஒரு எண் தலைகாட்டியது. சிகிச்சை மொத்தம் 48 வாரம். வாரத்துக்கு ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவைரின் மாத்திரை. 12-ஆவது வாரம் ரத்தம் எடுப்பார்கள். சிகிச்சை ஆரம்பித்த நாளில் இருந்த வைரஸ் அளவு நூறில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். குறைந்திருந்தால் தொடரலாம். குறையவில்லை என்றால் மிச்சம் 36 வாரத்தை ஓட்டினாலும் பலன் இருக்காது. அப்ரிகாட்டில் அந்தப் படியைத் தாண்டாதவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் பின்னால் குணமானார்கள்.

மருந்துகளின் வரலாறு நிறைய எழுதப்பட்டிருக்கிறது. "உனக்கு இந்த மருந்து கேட்குமா, கேட்காதா" என்பதை முன்கூட்டியே சொல்லப் பார்த்த முயற்சிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஹெபடைடிஸ் சி-யில் அது சுமார் முப்பது வருஷம் நீண்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

2

முதலில், யார் இந்த நோயாளிகள்?

இரண்டு வைரஸ்களும் ரத்தத்தின் வழியே பரவுபவை. ஹெபடைடிஸ் சி ஊசியில் இன்னும் எளிதாகப் பரவும். அதனால் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களிடம் இரண்டும் சேர்ந்தே வந்தன. இன்னொரு கூட்டம் ஹீமோஃபீலியா நோயாளிகள். ரத்தம் உறையாத அவர்களுக்கு 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தைக் கலந்து தயாரித்த உறைபொருளை ஊசியாகப் போட்டார்கள். பிரிட்டனில் மட்டும் இப்படி இரண்டு வைரஸ்களையும் வாங்கிக்கொண்டவர்கள் சுமார் 1,250 பேர், அதில் 380 பேர் குழந்தைகள். 2024 மே மாதம் வெளியான பிரிட்டனின் விசாரணை அறிக்கை, அவர்களில் முக்கால்வாசிப் பேர் இறந்துவிட்டார்கள் என்று பதிவு செய்கிறது.

1996 வரைக்கும் இவர்களுடைய கல்லீரலைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலைப்பட நேரம் இல்லை என்பதுதான் உண்மை. ஹெபடைடிஸ் சி கல்லீரலைச் சிதைக்க இருபது முப்பது வருஷம் எடுத்துக்கொள்ளும். எய்ட்ஸ் அதற்குள் ஆளை முடித்துவிடும். 1996-இல் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துகள் வந்தன. ஆட்கள் சாவது குறைந்தது. பிழைத்தவர்களிடம் அடுத்த நோய் தலைதூக்கியது. எச்.ஐ.வி. உடம்பில் இருந்தால் ஹெபடைடிஸ் சி இன்னும் வேகமாகக் கல்லீரலைத் தழும்பாக்கும் என்பதும் தெரிந்தது. 23,000-க்கும் மேற்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு பன்னாட்டு ஆய்வு 2006-இல் வெளியானது. அதில் இறந்தவர்களில் 14.5 சதவீதம் பேர் கல்லீரல் நோயால் இறந்திருந்தார்கள். எய்ட்ஸைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அதுதான் முதல் காரணம்.

எய்ட்ஸிலிருந்து தப்பித்து வந்தவர்கள்தான் அந்த 12-ஆவது வாரப் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

3

இந்தக் கதையின் முதல் சிகிச்சை, வைரஸைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே நடந்தது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனா அப்படித்தான் நடந்தது.

1970-களின் நடுவில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹார்வி ஆல்டரும் அவருடைய சகாக்களும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகு கல்லீரல் வீக்கம் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏ வைரஸும் இல்லை, பி வைரஸும் இல்லை. வேறு ஏதோ ஒன்று. அதற்குப் பெயர்கூட வைக்கத் தெரியாமல் "ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத" கல்லீரல் வீக்கம் என்றே அழைத்தார்கள்.

1986-இல் அதே நிறுவனத்தில் ஜே ஹூஃப்நாகல் பத்தே பத்து நோயாளிகளுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்துப் பார்த்தார். எதிரி யாரென்று தெரியாது. அப்புறம் மருந்து கேட்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கல்லீரல் செல்கள் சாகும்போது ரத்தத்தில் கசியும் நொதிகளை அளந்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு அந்த அளவு வேகமாக இறங்கி இயல்பு நிலைக்கு வந்தது. வீட்டுக்குள் எரிகிற தீயைப் பார்க்க முடியாமல், வெளியே வரும் புகையை வைத்தே தீ அடங்குகிறதா என்று ஊகித்த கதை இது.

1989-இல் கைரான் என்ற கலிஃபோர்னிய நிறுவனத்தில் மைக்கேல் ஹௌட்டன், க்வி-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோர் டேனியல் பிராட்லியோடு சேர்ந்து வைரஸின் மரபுப்பொருளைப் பிடித்தார்கள். ஹெபடைடிஸ் சி என்று பெயர் வந்தது. (இந்தக் கண்டுபிடிப்புகளுக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆல்டர், ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள்.) 90-களில் ரத்தத்தில் வைரஸை நேரடியாக எண்ணும் சோதனைகள் வந்தன. புகையை விட்டுவிட்டுத் தீயையே பார்க்க முடிந்தது.

பார்த்ததும் ஒரு கசப்பு தெரிய வந்தது. நொதி அளவு இறங்கியவர்களில் பலருக்கு வைரஸ் போகவே இல்லை. ஊசியை நிறுத்தினதும் மறுபடி ஏறியது. அதனால் "குணம்" என்ற சொல்லுக்குப் புதிய அளவுகோல் வைத்தார்கள்: சிகிச்சை முடிந்து 24 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றால்தான் குணம். எச்.ஐ.வி. நம் செல்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். ஹெபடைடிஸ் சி-க்கு அப்படி ஒரு ஒளிவிடம் கிடையாது. விரட்டிவிட்டால் விரட்டியதுதான். இரண்டையும் சுமந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிச்சுப் பாருங்க. ஒன்றோடு வாழ்நாள் முழுக்க இருந்தாக வேண்டும். மற்றொன்றையாவது உடம்பை விட்டு அனுப்ப முடியும்.

4

இன்டர்ஃபெரான் என்பது வைரஸைத் தாக்கும் விஷம் அல்ல. நம் உடம்பே தயாரிக்கும் அபாயச் சங்குதான். அதை வெளியிலிருந்து ஊசியாக ஏற்றினால், கடும் காய்ச்சல் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும், வாரா வாரம், ஒரு வருஷத்துக்கு. குளிர், மூட்டுவலி, முடி கொட்டுதல், தூக்கமின்மை. பலரை மனச்சோர்வு பிடித்துக்கொண்டது, சிலருக்குத் தற்கொலை எண்ணங்களும் வந்தன. ரிபாவைரின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையைக் கொண்டுவந்தது. எச்.ஐ.வி.யும் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு பயம்: இன்டர்ஃபெரான் வெள்ளணுக்களைக் குறைப்பதால் சி.டி.4 எண்ணிக்கையும் இறங்கும். எத்தனையோ வருஷம் பாடுபட்டு மேலே கொண்டுவந்த எண் அது. டிடனோசின் போன்ற சில பழைய எச்.ஐ.வி. மருந்துகளோடு ரிபாவைரின் சேர்ந்தபோது உயிருக்கே ஆபத்து வந்தது. பிரான்சில் நடந்த ரிபாவிக் ஆய்வு 2004 டிசம்பரில் இதைத் தெளிவாகப் பதிவு செய்தது.

இப்படி ஒரு சிகிச்சையைப் பலன் இல்லாமல் 48 வாரம் அனுபவிக்க வைப்பது கொடுமை. சீக்கிரமே தெரிந்தால் சீக்கிரமே நிறுத்திவிடலாம். முன்கூட்டியே கணிக்க வேண்டும் என்ற ஆசையின் வேர் இந்தக் கருணைதான்.

அதற்குக் கணக்கு வழி காட்டியது. 1998-இல் அவிதான் நியூமன், ஆலன் பெரெல்சன் உள்ளிட்ட குழு சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. இன்டர்ஃபெரான் போட்ட பிறகு வைரஸ் அளவு இரண்டு சரிவுகளாக இறங்குகிறது என்று காட்டினார்கள். முதல் சரிவு செங்குத்து. ஓரிரு நாளில் முடிந்துவிடும். புதிய வைரஸ் உற்பத்தி தடைபடுவதால் வருவது அது. ரத்தத்தில் இருக்கும் வைரஸ் பாதியாகக் குறைய மூன்று மணி நேரம்கூட ஆகாது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தினமும் லட்சம் கோடி என்ற அளவில் வைரஸ் உற்பத்தியாகிறது என்றார்கள். இரண்டாவது சரிவு மெதுவானது, வாரக்கணக்கில் போகும். தொற்றுப் பிடித்த கல்லீரல் செல்கள் ஒவ்வொன்றாகச் சாவதால் வருவது அது. இந்த இரண்டாவது சரிவின் சாய்வு ஆளுக்கு ஆள் மாறியது. சாய்வு மந்தமாக இருந்தவர்களின் உடம்பு நோயை விரட்டவில்லை.

ஆனால் ஊர் மருத்துவமனையில் தினமும் ரத்தம் எடுத்துக் கோடு வரைய முடியுமா? அங்கே எளிமையான விதி வேண்டும். 12 வாரம், நூறு மடங்குக் குறைவு என்பது அப்படி வந்தது. 2002-இல் மைக்கேல் ஃப்ரீட் குழு வெளியிட்ட பெரிய ஆய்வில் (இது எச்.ஐ.வி. இல்லாதவர்களிடம் நடந்தது) 86 சதவீதம் பேர் 12-ஆவது வாரப் படியைத் தாண்டினார்கள். தாண்டியவர்களில் 65 சதவீதம் பேர் குணமானார்கள். தாண்டாதவர்களில் 97 சதவீதம் பேர் குணமாகவில்லை.

அந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். இந்தச் சோதனைக்கு "இல்லை" சொல்லத் தெரியும். "ஆம்" சொல்லத் தெரியாது. 12-ஆவது வாரத்தில் நல்ல செய்தி வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் கடைசியில் ஏமாற்றம்தான்.

5

இரண்டு வைரஸ்களும் சேர்ந்தவர்களிடம் கதை இன்னும் கடுமை. அப்ரிகாட்டில் நல்ல சிகிச்சை கிடைத்த பிரிவிலும் குணமானவர்கள் 40 சதவீதம். பழைய இன்டர்ஃபெரான் கொடுத்த பிரிவில் 12 சதவீதம். உலகில் அதிகம் பரவியிருக்கும் முதலாம் மரபுவகை வைரஸ் என்றால் நல்ல பிரிவிலேயே 29 சதவீதம்தான். அமெரிக்க ஆய்வில் அந்த மரபுவகைக்கு வெறும் 14 சதவீதம், அதாவது 51 பேரில் 7 பேர்.

அமெரிக்க ஆய்வில் இன்னொரு தகவல் புதைந்திருந்தது. வைரஸ் போகாதவர்களிடம் கல்லீரலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 35 சதவீதம் பேருக்குக் கல்லீரல் திசு முன்பைவிட மேம்பட்டிருந்தது. வைரஸை வைத்துப் பார்த்தால் தோல்வி. கல்லீரலை வைத்துப் பார்த்தால் ஏதோ நல்லது நடந்திருக்கிறது. அப்படியானால் 12-ஆவது வாரத்தில் நிறுத்துவது சரியா? இந்தக் கேள்வி பல வருஷம் மருத்துவர்களைத் தூங்கவிடவில்லை. குறைந்த அளவு இன்டர்ஃபெரானை வருஷக்கணக்கில் தொடர்ந்தால் கல்லீரலைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. சுமார் ஆயிரம் பேரிடம் மூன்றரை வருஷம் சோதித்துப் பார்த்த ஹால்ட்-சி ஆய்வு 2008-இல் அந்த நம்பிக்கையை மூடிவைத்தது. அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு எச்.ஐ.வி. இல்லை. இருந்தும் எல்லோருக்கும் செய்தி புரிந்தது: ஊசியைத் தொடர்ந்தவர்களுக்கும் தொடராதவர்களுக்கும் நோய் முற்றுவதில் வித்தியாசம் இல்லை.

6

12 வாரம்கூட நீளமாகத் தோன்ற ஆரம்பித்தது. 4-ஆவது வாரத்திலேயே வைரஸ் தென்படாமல் போனால் குணம் கிட்டத்தட்ட உறுதி என்று கண்டார்கள். ஒரே குறை, இரண்டு தொற்றும் உள்ளவர்களில் அந்த அதிர்ஷ்டசாலிகள் குறைவு. அப்புறம் ஊசி போடுவதற்கு முன்பே சொல்ல முடியுமா என்று தேடினார்கள்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த புதிர் வருகிறது. ஐ.பி.-10 என்று ஒரு புரதம். இன்டர்ஃபெரான் வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். சிகிச்சைக்கு முன்பே அது யாருக்கு அதிகமோ அவர்களுக்கு மருந்து நன்றாகக் கேட்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. அதிகம் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, குறைவாக இருந்தவர்களுக்குக் கேட்டது. எச்.ஐ.வி.யும் சேர்ந்தவர்களிடமும் அப்படியே. டொரண்டோவிலும் பாஸெலிலும் கல்லீரல் திசுவை ஆராய்ந்தவர்கள் இதையே மரபணு அளவில் கண்டார்கள். இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் யாரிடம் ஏற்கனவே உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தனவோ அவர்களுக்குத்தான் சிகிச்சை பலிக்கவில்லை. ராத்திரி பகலாகச் சங்கு ஊதிக்கொண்டே இருக்கிற ஊரில் இன்னொரு சங்கு ஊதினால் யார் எழுந்து ஓடுவார்கள்?

2009-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் கோல்ட்ஸ்டைன் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத்தொகுதியைத் துழாவி ஓர் எழுத்து மாற்றத்தைப் பிடித்தது. ஐ.எல்.28பி என்ற மரபணுவுக்கு அருகே இருந்தது அது. அந்த இடத்தில் சி.சி. என்ற வடிவம் உள்ளவர்களுக்கு வெற்றி வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. சில மாதங்களில் ஸ்பெயினிலிருந்து எச்.ஐ.வி. சேர்ந்த நோயாளிகளிடமும் இதே முடிவு வந்தது. கறுப்பின அமெரிக்கர்களுக்கு ஏன் இந்தச் சிகிச்சை குறைவாகப் பலித்தது என்ற பழைய கேள்விக்கும் பாதி விடை கிடைத்தது. அந்த நல்ல வடிவம் அவர்களிடம் அரிதாக இருந்தது.

2013-இல் கதை இன்னும் திரும்பியது. லுட்மிலா ப்ரொகுனினா-ஓல்சன் குழு அதே பகுதியில் அதுவரை யாரும் அறியாத ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தது. ஐ.எஃப்.என்.எல்.4 என்று பெயர். புதிய வகை இன்டர்ஃபெரான் ஒன்றைச் செய்யும் மரபணு அது. அந்த மரபணு உடைந்து, புரதம் செய்ய முடியாமல் போனவர்களுக்குத்தான் சிகிச்சை நன்றாகக் கேட்டது. வைரஸை எதிர்க்கிற ஆயுதம் ஒன்று கூடுதலாக வைத்திருந்தவர்கள் தோற்றார்கள்.

7

வைரஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று கணித்தது ஒரு பக்கம். நோயாளி எப்படி நடந்துகொள்வார் என்றும் கணித்தார்கள். அந்தக் கணிப்புக்கு ரத்தப் பரிசோதனைகூடத் தேவைப்படவில்லை.

1997-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்கள் குறைந்தது ஆறு மாதம் அதை விட்ட பிறகே சிகிச்சை தரலாம் என்றது. மருந்தை ஒழுங்காக எடுக்க மாட்டார்கள், மறுபடி தொற்று வாங்குவார்கள் என்பது அதன் பின்னால் இருந்த ஊகம். நோய் அதிகம் இருந்த கூட்டமே வாசலில் நிறுத்தப்பட்டது. 2001-இல் பிரையன் எட்லினும் சகாக்களும் இதை நேரடியாகக் கேள்வி கேட்டு எழுதினார்கள். சிகரெட்டை விடாதவருக்கு இதய சிகிச்சை தருகிறோமே, இவர்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை என்ற தொனியில் அந்த விவாதம் போனது. 2002-இல் கூடிய அடுத்த குழு அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. காகிதத்தில் கைவிட்டது என்று சொல்ல வேண்டும். மருத்துவமனை வாசல்களில் அது இன்னும் பல காலம் உயிரோடு இருந்தது.

12-ஆவது வார விதிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தம் இருந்தது. இந்த இரண்டாவது கணிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் அருவருப்புதான் இருந்தது. இரண்டுமே ஒரே அறிவியல் தோரணையோடு வழிகாட்டிகளில் அருகருகே உட்கார்ந்திருந்தன.

8

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் அனுமதி பெற்றது. வைரஸ் தன்னை நகலெடுக்கும் இயந்திரத்தையே முடக்கும் மாத்திரை. ஊசி கிடையாது. 2015-இல் வெளியான அயான்-4 ஆய்வில், எச்.ஐ.வி.யும் சேர்ந்த 335 பேருக்கு சோஃபோஸ்புவிர்-லெடிபாஸ்விர் கூட்டு மாத்திரையை 12 வாரம் கொடுத்தார்கள். 96 சதவீதம் பேர் குணமானார்கள். எந்த 12-ஆவது வாரத்தில் முன்பு தீர்ப்பு வாசிக்கப்பட்டதோ அந்த 12-ஆவது வாரத்தில் சிகிச்சையே முடிந்துவிட்டது.

கணிப்புக் கருவிகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. 4-ஆவது வாரத்தில் கொஞ்சம் வைரஸ் தென்பட்டாலும் குணமானார்கள். கடைசி மாத்திரை விழுங்கிய நாளில் ரத்தத்தில் வைரஸ் எச்சம் இருந்த சிலர்கூடப் பின்னால் குணமானார்கள். முழுசாக மறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அயான்-4-இல் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய பத்துப் பேருமே கறுப்பினத்தவர்கள்.

கணிப்பு போன இடத்துக்குக் காசு வந்து உட்கார்ந்தது. ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு பல மாநிலங்களில் கல்லீரல் நன்றாகக் கெட்டுப்போனவர்களுக்குத்தான் மருந்து என்றது. போதையை விட்டதற்கு அத்தாட்சி கேட்டது. 1997-இன் ஆவி மறுபடி வந்து வாசலில் நின்றது. இந்தியாவில் வேறு பாதை. 2014-இல் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று, அடுத்த வருஷம் மலிவு விலை மாத்திரைகள் வந்தன. 2018 ஜூலையில் தேசிய கல்லீரல் அழற்சி கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, அரசு மருத்துவமனைகளில் இலவசமானது.

கணிப்பின் கடைசி அத்தியாயத்தில் சென்னை வருகிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். சுனிதியின் மகன் சுனில் சாலமன் தலைமையில் மின்மான் என்ற ஆய்வு நடந்து, 2022-இல் வெளியானது. ஐந்து நாடுகள், சுமார் 400 பேர். அதில் 42 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது. மரபுவகை பார்க்கவில்லை. 12 வார மாத்திரைகளையும் முதல் நாளே கையில் கொடுத்து அனுப்பினார்கள். நடுவில் எந்த ரத்தப் பரிசோதனையும் திட்டமிடவில்லை. 4-ஆவது வாரம் கிடையாது, 12-ஆவது வாரம் கிடையாது. 95 சதவீதம் பேர் குணமானார்கள்.

முப்பது வருஷ உழைப்பு வீணா என்று கேட்டால், இல்லை என்பேன். 12-ஆவது வார விதி நிறையப் பேரை 36 வார வேதனையிலிருந்து காப்பாற்றியது. வைரஸின் இரண்டு சரிவுகளைக் கணக்கிட்ட அறிவு புதிய மருந்துகளை எத்தனை வாரம் கொடுப்பது என்று தீர்மானிக்கவும் உதவியது. ஆனால் "உங்களுக்கு மருந்து கேட்கவில்லை" என்ற வாக்கியத்தை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. தமிழில் இதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம்! தவறு ஏதோ நோயாளியின் உடம்பில் இருக்கிற மாதிரி ஒலிக்கிறது. ஆங்கில ஆய்வுத்தாள்களிலும் நோயாளிக்கே "பதிலளிக்காதவர்" என்று பெயர். ஆனால் 2004-இல் பதிலளிக்காத உடம்பு 2015-இல் பதிலளித்தது. ஆளும் அதே ஆள், வைரஸும் அதே வைரஸ், அந்த ஐ.எல்.28பி எழுத்தும் அதேதான். மாறியது மருந்து மட்டும்தான்.

அப்ரிகாட்டின் அந்த நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மிகச் சரியான எண். அது இன்டர்ஃபெரானைப் பற்றிய எண். 12-ஆவது வாரத்தில் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள் அதைத் தங்களைப் பற்றிய எண்ணாகத்தான் எடுத்துப் போயிருப்பார்கள். அவர்களில் புதிய மாத்திரை வரும் வரை கல்லீரல் தாக்குப்பிடித்தவர்கள் குணமாகியிருக்க முடியும். தாக்குப்பிடிக்காதவர்களுக்கு அந்தப் பத்து வருஷம் கிடைக்கவில்லை.